வின்ஸ்டன் எதில் தோற்றான்?

புதுச்சேரியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இம்முறை ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலைப் பற்றிப் பேசினோம். கூட்டம் முடியும் தறுவாயில், முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். ஓசியானியா என்னும் நாட்டை ஆளும் சர்வாதிகாரக் கட்சியை எதிர்த்த கதாநாயகன் வின்ஸ்டன், கதையின் கடைசி வரியில் அக்கட்சியின் தலைவனான பெரியண்ணனை நேசிக்கத் தொடங்கிவிடுகிறான். அப்படியானால் அதிகாரத்தை எதிர்த்துத் தனிமனிதன் செய்வதெல்லாம் வீண் என்றுதானே ஆர்வெல் சொல்கிறார், பிறகு ஏன் இதைச் சுதந்திரத்தைப் பற்றிய நாவல் என்று வகுப்பில் கற்பிக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. மண்டபத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டதால் அங்கே நான்கு வார்த்தைகளில் ஏதோ சொன்னேன். அந்தக் கேள்விக்கு அது போதாது என்பதால், கருத்தரங்கக் கட்டுரை ஒன்றை எழுதவிருக்கும் அந்த மாணவிக்கே எழுதுவதுபோல் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வின்ஸ்டன் துணிவில்லாததால் தோற்கவில்லை; சாட்சியில்லாததால் தோற்றான். தான் கண்டதை ‘ஆம், நானும் கண்டேன்’ என்று சொல்ல இன்னொரு மனிதர் இல்லாத இடத்தில், எவ்வளவு உறுதியான மனமும் நெடுநாள் தாங்காது என்பதுதான் இந்த நாவல் காட்டும் உண்மை என்று நான் நினைக்கிறேன். கட்சி செய்யும் வேலைகளில் பெரும்பகுதி அந்த இரண்டாவது மனிதரை இல்லாமல் ஆக்கும் வேலைதான். சுதந்திரம் ஒரு மண்டைக்குள் தனியாகக் குடியிருக்கும் பொருள் என்று நம்பி நாவலைப் படித்தால், முடிவு வெறும் அவநம்பிக்கையாகத் தெரியும். அது இரண்டு பேருக்கு இடையில் மட்டுமே உயிர்வாழக்கூடியது என்று கொண்டு படித்தால், முடிவு ஓர் எச்சரிக்கையாகத் தெரியும்.

அதிகாரம் இந்தக் கதையில் எங்கே கைவைக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குள்ளேயே ஆளைக் கண்காணிக்கும் தொலைத்திரை, ஒட்டுக்கேட்கும் கருவி, சிந்தனைக் காவலர்கள் ஆகியவற்றைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 39 வயதான வின்ஸ்டனின் அன்றாட வேலை கண்காணிப்பு அன்று. அவன் உண்மை அமைச்சகத்தில் பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுகிறவன். கட்சி முன்பு சொன்னது இன்று பொய்த்துவிட்டால், முன்பு சொன்னதையே மாற்றி அச்சிட்டு, மூல இதழை நினைவுக் குழி என்னும் துவாரத்தில் போட்டு எரித்துவிடுவார்கள். சாக்லேட் பங்கீட்டை 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கிறார்கள். மறுநாளே அது 20 கிராமாக உயர்த்தப்பட்டதற்கு நன்றி தெரிவித்து ஊர்வலம் நடந்ததாகத் தொலைத்திரை அறிவிக்கிறது. ஒரே நாள் இடைவெளியில் இதை மக்கள் விழுங்கிவிட முடியுமா என்று வின்ஸ்டன் உணவுக்கூடத்தில் சுற்றிலும் பார்க்கிறான். எல்லோரும் விழுங்கிவிட்டார்கள். நினைவு வைத்திருப்பவன் தான் ஒருவன் மட்டும்தானோ என்ற ஐயம் அந்த இடத்தில் அவனுக்கு வருகிறது. நாவலின் அச்சம் முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

ஆர்வெல் இதைக் கற்பனையிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்து, 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கிலேய அரசின் காவல் அதிகாரியாக இருந்தவர் அவர். அதிகாரத்தின் கையாக இருப்பது எப்படி இருக்கும் என்று அறிந்தவர். பின்னர் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போரிட்டுத் தொண்டையில் குண்டு பாய்ந்து பிழைத்தார். 1937இல் தம்முடன் நின்று போரிட்டவர்களையே பாசிசத்தின் ஒற்றர்கள் என்று பத்திரிகைகள் எழுதியதையும், நடக்காத சண்டைகள் நடந்ததாகவும் நடந்த சண்டைகள் நடக்காததாகவும் செய்திகள் வந்ததையும் பார்த்தார். அதே ஆண்டுகளில் மாஸ்கோவில் நடந்த விசாரணைகளில் பழைய புரட்சியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக, தாங்கள் செய்யாத சதிகளைச் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஸ்டாலினின் காவல்துறைத் தலைவராக இருந்த யெஷோவ் வீழ்ந்த பிறகு, ஸ்டாலினுடன் அவர் நடந்துசென்ற புகைப்படத்தில் அவர் நின்ற இடம் வெறும் நீராகிவிட்டது. நாவல் வெளியான 1949க்குப் பின்னும் இது நிற்கவில்லை. யெஷோவுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த பெரியா 1953இல் வீழ்ந்தபோது, சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்கு, பெரியா பற்றிய பக்கங்களை வெட்டியெடுத்துவிட்டு பேரிங் கடல் முதலியவை பற்றிய புதிய பக்கங்களை அங்கே ஒட்டிக்கொள்ளும்படி அறிவுறுத்தி அனுப்பினார்கள். வின்ஸ்டன் அலுவலகத்தில் செய்த வேலையைச் சந்தாதாரர் தம் வீட்டில் அமர்ந்து தம் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது.

இப்போது நாட்குறிப்புக்கு வருகிறேன். வின்ஸ்டனின் முதல் எதிர்ப்பு அதுதான். ஏப்ரல் 4 என்று தேதியிட்டு எழுதத் தொடங்கியதுமே, யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வி அவனைத் தாக்குகிறது. எதிர்காலத்துக்கு, இன்னும் பிறக்காதவர்களுக்கு என்று சொல்லிக்கொள்கிறான். எதிர்காலம் இன்றைப் போலவே இருந்தால் அது அவன் சொல்வதைக் கேட்காது, மாறிவிட்டிருந்தால் அவன் சொல்வது அதற்குப் புரியாது என்று உடனே தோன்றுகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது. 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் காலம் வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். அவர் கிளர்ச்சிக்காரர் அல்லர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்), அதிகாரத்தின் நடுவிலேயே அமர்ந்திருந்தவர். எனினும் 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை, தம்மால் தடுக்க முடியாமல் போன வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். டூப்ளேயின் மனைவியைப் பற்றி, வெளியே வாய்விட்டுச் சொல்ல முடியாத குறைகளையெல்லாம் அந்தத் தாள்களில் இறக்கியிருக்கிறார். அவர் இறந்து 85 ஆண்டுகளுக்குப் பிறகு, 1846இல், கலுவா மோம்பிரேன் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார். ஆளுநர்களின் கடிதங்கள் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த நகரத்தின் அந்த ஆண்டுகளை நாம் ஆண்டவர்களின் கண்ணால் மட்டுமே பார்த்திருப்போம். யாருக்கென்று தெரியாமல் எழுதியவருக்கு வாசகர் கிடைத்தார்கள், ஏனென்றால் அக்கால அரசுகள் எவ்வளவு கொடுமையானவையாக இருந்தாலும், ஒரு மனிதரின் பெட்டிக்குள் இருக்கும் தாளைத் தேடி எரிக்கும் ஆசையோ வசதியோ அவற்றுக்கு இருக்கவில்லை.

வின்ஸ்டனின் நாட்குறிப்புக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அவன் அந்த நோட்டை வாங்கிய பழம்பொருள் கடையின் உரிமையாளர் சாரிங்டன் சிந்தனைக் காவலர்களில் ஒருவர். யாராவது தொட்டால் தெரியட்டும் என்று அவன் அட்டையின்மேல் வைத்த வெண்துகளைக் காவலர்கள் ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்ப வைத்திருந்தார்கள். வின்ஸ்டன் தன் தோழன் என்று நம்பிய கட்சியின் உயர்மட்ட உறுப்பினன் ஓ’பிரையன், சித்திரவதை அறையில் அந்த நாட்குறிப்பின் வரிகளை நினைவிலிருந்தே எடுத்துச் சொல்கிறான். பிறக்காத தலைமுறைக்கென்று எழுதப்பட்ட நூலுக்கு இருந்த வாசகர் ஒரே ஒருவர்தான், அவர் அரசு.

இதன் பின்னணியில் ஓ’பிரையனைப் படித்தால், வின்ஸ்டன் ஏன் அவ்வளவு எளிதாக அவனிடம் போய் விழுந்தான் என்பது புரியும். வாசகர் வட்டத்தில் ஒருவர், ‘இவ்வளவு எச்சரிக்கையான ஆள் எப்படி ஏமாந்தான்’ என்று கேட்டார். அவன் ஏமாறவில்லை என்று சொன்னாலும் பிழையில்லை. ஓ’பிரையன் நண்பனா எதிரியா என்பது தனக்கு முக்கியமில்லை, அவனிடம் பேச முடியும் என்பதே முக்கியம், மனிதன் நேசிக்கப்படுவதைவிடப் புரிந்துகொள்ளப்படுவதையே அதிகம் விரும்புகிறானோ என்று வின்ஸ்டன் நினைக்கும் இடம் இருக்கிறது. சாட்சிக்கான பசி அவ்வளவு முற்றியிருக்கிறது. கட்சி அந்தப் பசியை ஏழு ஆண்டுகளாக அறிந்து வைத்திருந்து, கடைசியில் தானே சாட்சி வேடமிட்டு வந்து உட்கார்ந்தது. எதிர்ப்பை ஒடுக்குவது பழைய அரசுகளின் வேலை. எதிர்க்கிறவனுக்கு அவன் தேடும் தோழனையும் சேர்த்தே தயாரித்துக் கொடுப்பது இந்த அரசின் வேலை.

ஓ’பிரையனின் வீட்டில் நடக்கும் உறுதிமொழியை மாணவர்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அதை நிறுத்திப் படிக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வலியுறுத்தி வந்தேன். கட்சியை வீழ்த்துவதற்காகக் கொலை செய்வாயா, ஏமாற்றுவாயா, ஒரு குழந்தையின் முகத்தில் கந்தக அமிலத்தை ஊற்ற வேண்டுமென்றால் ஊற்றுவாயா என்று ஓ’பிரையன் கேட்கிறான். வின்ஸ்டன் ஆம் என்கிறான். பின்னர் சிறையில், கட்சியைவிடத் தான் ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்று வின்ஸ்டன் சொல்ல முற்படும்போது, ஓ’பிரையன் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுகிறான். தன்னுடைய தோல்வியின் முதல் பகுதியை வின்ஸ்டன் கைதாவதற்கு முன்பே, தன் விருப்பத்தோடு, ஒரு கோப்பை மதுவோடு முடித்துவிட்டான். எதிர்ப்பு என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு செயல் தூய்மையாகிவிடாது என்பதை ஆர்வெல் இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருப்பதால்தான் இந்த நூலை நான் இன்னும் மதிக்கிறேன்.

வின்ஸ்டனின் காதலி ஜூலியாவை நம் வட்டத்தில் பலர் குறைத்துப் பேசினார்கள். அரசியல் தெரியாதவள், உடலின்பத்துக்காக மட்டும் விதியை மீறுகிறவள் என்றார்கள். வின்ஸ்டனும் கிட்டத்தட்ட அப்படித்தான் அவளைக் கேலி செய்கிறான். ஆனால் லண்டன்மீது விழும் குண்டுகளைக் கட்சியே போட்டுக்கொள்கிறது, மக்களை அச்சத்தில் வைத்திருக்கத்தான் என்று வெகு இயல்பாகச் சொல்வது அவள். இந்த எண்ணம் வின்ஸ்டனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. பாலுறவைக் கட்சி ஏன் வெறுக்கிறது, அடக்கப்பட்ட ஆசை எப்படி அணிவகுப்பாகவும் கூச்சலாகவும் மாற்றப்படுகிறது என்பதை விளக்குவதும் அவள்தான். அவளுக்குக் கடந்த காலத்தில் அக்கறை இல்லை என்பது உண்மை. கட்சியின் பொய்யை நிரூபிக்கும் ஒரு புகைப்படம் ஒருமுறை தன் கையில் இருந்த கதையை வின்ஸ்டன் சொல்லக் கேட்டும் அவள் அதிர்வதில்லை. எனினும், வின்ஸ்டன் தேடிய இரண்டாவது மனிதர் உண்மையில் அவள்தான், ஓ’பிரையன் இல்லை. அவன் அதைப் பாதிதான் உணர்ந்தான்.

அந்தப் பாதி உணர்வு இரண்டாம் பகுதியின் ஏழாம் அத்தியாயத்தில் வெளிப்படுகிறது. வின்ஸ்டன் தன் தாயைக் கனவில் காண்கிறான். பஞ்சகாலத்தில், சாகக் கிடக்கும் தங்கையின் பங்குச் சாக்லேட்டை அவன் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். தாய் அந்தக் குழந்தையைக் கையால் அணைத்துக்கொள்கிறாள். அந்த அணைப்பால் சாக்லேட் திரும்ப வரவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. ஆனாலும் அது தாய்க்கு இயல்பாக இருந்தது. பயனில்லாத ஒரு செயலும் தன்னளவில் மதிப்புடையதாக இருக்க முடியும் என்ற நம்பிக்கையைத்தான் கட்சி மனிதர்களிடமிருந்து பறித்துவிட்டது என்று வின்ஸ்டன் அப்போது உணர்கிறான். உடனே ஜூலியாவும் அவனும் பேசிக்கொள்கிறார்கள். பிடிபட்டால் நாம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வோம், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஒப்புக்கொள்வது துரோகமாகாது, உன்னை நேசிப்பதை நான் நிறுத்தும்படி அவர்கள் செய்தால் அதுதான் துரோகம் என்கிறான் அவன். அதை அவர்களால் செய்ய முடியாது, உள்ளே வர அவர்களால் முடியாது என்கிறாள் அவள்.

இந்த வேறுபாட்டை நம் ஊர் வரலாற்றின் அருகில் வைத்துப் பார்க்கலாம். 1908இல் ‘இந்தியா’ பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியர் சென்னையில் கைதானதும், பாரதி புதுச்சேரிக்கு வந்தார். பத்திரிகையும் இங்கே வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது செல்வதை ஆங்கில அரசு தடுத்ததால் 1910இல் நின்றது. இங்கே அவர் வாழ்ந்த பத்து ஆண்டுகளும் ஒற்றர்கள் சூழ வாழ்ந்த ஆண்டுகளே. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கைதாகி, மூன்று வாரங்களுக்கு மேல் கடலூர்ச் சிறையில் இருந்து, அரசியலிலிருந்து விலகியிருப்பது உள்ளிட்ட நிபந்தனைகளை ஏற்று வெளியே வந்தார். அந்த நிபந்தனைகளை வைத்துப் பாரதி உடைந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அழுத்தத்தின்கீழ் ஒரு மனிதர் கையெழுத்திடும் தாள் வேறு, அவருக்குள் இருப்பது வேறு என்று ஆங்கில அரசுக்கும் தெரியும், அந்தத் தாளோடு அது நிறைவடைந்துவிட்டது. ஓ’பிரையனின் கட்சி தாளோடு நிறைவடைவதில்லை. அது தன் எதிரியைக் கொல்வதற்கு முன் அவனைத் தன் பக்கம் திருப்பியே ஆகவேண்டும் என்று விரும்புகிறது. இரண்டும் இரண்டும் ஐந்து என்று அவன் சொன்னால் போதாது, ஐந்தாகவே அவன் காண வேண்டும்.

இன்னொன்று. இன்று கடலூரிலிருந்து பேருந்தில் முள்ளோடையைக் கடக்கிறவர்கள் எல்லையைக் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் அன்று அந்த எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம். பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் உயிரோடு எழுத முடிந்தது அந்தக் கோட்டினால்தான். 1911இல் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்ட பிறகு பிரிட்டிஷாரின் நெருக்கடி கடுமையானபோது, ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒற்றர்கள் ஒரு ஜாடியைப் போட்டார்கள்; அதற்குள் ஐயரையும் அவர் நண்பர்களையும் மாட்டிவிடும் பொய் ஆவணங்கள் இருந்தன. தற்செயலாக அது வீட்டார் கண்ணில் பட்டது. உடனே அதைப் பிரெஞ்சுக் காவல்துறையிடம் ஒப்படைத்து, எங்களுக்கு எதிராக இப்படி ஒரு பொய் தயாரிக்கப்பட்டிருக்கிறது என்று புகார் செய்துவிட்டார்கள். சோதனை நடந்தது; ஒன்றும் தேறவில்லை. அரவிந்தர் வீட்டில் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்ட பிரெஞ்சு நீதிபதி அவர்மீது மதிப்புக் கொண்டே திரும்பினார். பொய்ச் சான்றைத் தயாரித்த அதிகாரத்துக்கு வெளியே, அதைப் பொய் என்று சொல்லக்கூடிய இன்னோர் அதிகாரம் இருந்ததால் அது செல்லாமல் போனது. பிரெஞ்சு ஆட்சி நல்லாட்சி என்று நான் சொல்லவில்லை. அதுவும் காலனி ஆட்சியே. அது வேறோர் ஆட்சியாக இருந்தது என்பதே போதுமானதாக இருந்தது.

ஆர்வெலின் உலகத்தில் புதுச்சேரி இல்லை. ஓசியானியா, யூரேசியா, ஈஸ்டேசியா என்று மூன்றே பேரரசுகள். மூன்றின் அடித்தளமும் ஒன்றே. ஒன்றிலிருந்து தப்பி மற்றொன்றுக்குப் போவதில் பொருளில்லை. வெளியே நின்று பார்க்க ஒரு திண்ணைகூட இல்லாத வீடு அது. இந்தக் கற்பனை நாவலுக்குத் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். ஏனென்றால் வெளி ஒன்று இருந்தால் வின்ஸ்டன் தோற்பது உறுதியில்லை. உங்கள் கேள்விக்கு இது முக்கியமானது. தனிமனித எதிர்ப்பு எங்கும் எப்போதும் வீண் என்று ஆர்வெல் சொல்லவில்லை. சாட்சி சொல்ல இன்னொரு மனிதர், மிஞ்சியிருக்கும் ஒரு தாள், எல்லைக்கு அப்பால் ஒரு நீதிமன்றம் ஆகிய மூன்றையும் ஒருசேர அகற்றிவிட்டால் என்ன மிஞ்சும் என்று சோதித்துப் பார்க்கிறார்.

மிஞ்சுவது என்ன என்பதை, ஒவ்வொரு கைதிக்கும் அவன் மிகவும் அஞ்சுவது காத்திருக்கும் 101ஆம் எண் அறைக் காட்சி சொல்கிறது. அதற்கு முன்பே வின்ஸ்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான். இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதியும் விட்டான். அப்போதும் ஜூலியாவை அவன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை ஓ’பிரையனே ஏற்றுக்கொள்கிறான். ஆகவே கட்சிக்குத் தேவை தகவலோ வாக்குமூலமோ இல்லை. எலிக்கூண்டு முகத்தருகே வரும்போது, என்னை விட்டுவிட்டு ஜூலியாவுக்கு இதைச் செய்யுங்கள் என்று அவன் அலறுகிறான். அதற்குப் பிறகு கூண்டு தேவைப்படவில்லை. கட்சி அறுக்க விரும்பிய கடைசி நூல் அதுதான். பின்னால் இருவரும் பூங்காவில் சந்திக்கும்போது, ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததை வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்க்கவோ தடுக்கவோ இனி யாரும் அக்கறை காட்டவில்லை. அவர்கள் இருவராக இல்லாமல் ஆகிவிட்டதால், அவர்கள் ஆபத்தானவர்களாகவும் இல்லை.

கடைசி வரியைவிட எனக்குக் கொடூரமாகத் தோன்றுவது அதற்குச் சற்று முன் வரும் ஒரு பத்தி. காப்பிக் கடையில் ஜின் மதுவோடு அமர்ந்திருக்கும் வின்ஸ்டனுக்கு, சிறுவயதில் ஒரு மழைநாளில் தாய் வாங்கிவந்த பாம்பும் ஏணியும் விளையாட்டு நினைவுக்கு வருகிறது. தாயும் அவனும் விளையாடினார்கள், சின்னத் தங்கை எதுவும் புரியாமலே சிரித்தாள், அந்த ஒரு பிற்பகல் முழுவதும் அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். உடனே அவன் அதை மனத்திலிருந்து தள்ளிவிடுகிறான்; அது பொய்யான நினைவு என்று முடிவு செய்கிறான். யாரும் அவனை அடிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நினைவுக் குழியை அவன் தனக்குள்ளேயே திறந்துவைத்துக்கொண்டான். பெரியண்ணனை அவன் நேசிப்பது அதற்குப் பிறகு வெறும் விளைவு.

நாவலில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். மக்கள்தொகையில் 85 விழுக்காடு பாட்டாளிகள். நம்பிக்கை ஏதும் இருந்தால் அது அவர்களிடம்தான் என்று வின்ஸ்டன் எழுதுகிறான். ஆனால் ஆர்வெல் அவர்களைத் தொலைவிலிருந்தே பார்க்கிறார். துணி துவைத்துக்கொண்டே பாடும் அந்தப் பெண்ணை அவர் அழகாக எழுதியிருக்கிறார். அவளுக்குப் பெயர் தரவில்லை, பேச வாய்ப்பும் தரவில்லை. உணர்வு பெறாதவரை அவர்கள் கிளர்ந்தெழமாட்டார்கள், கிளர்ந்தெழாதவரை உணர்வு பெறமாட்டார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அவர்கள் ஒரு தொழிற்சாலையில் எப்படி வேலை செய்கிறார்கள், யாரிடம் கூலி வாங்குகிறார்கள், வாசலில் நின்று என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற எதுவும் நாவலில் இல்லை. பார்சிலோனாவில் தொழிலாளர்களின் நகரத்தைக் கண்ணாரக் கண்ட ஒருவர் இதை விட்டுவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள்மீது காவல்துறை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலைக்கான சட்டம் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் பெயர் அந்தப் போராட்டத்தோடு இணைந்து நிற்கிறது என்றாலும், ஆலை வாசலில் ஒருவர் சொன்னதை ஆயிரம் பேர் ‘ஆம், எனக்கும் அப்படித்தான்’ என்று சொன்னதிலிருந்துதான் அது தொடங்கியது. ஓசியானியாவின் பெரும்பாலான பாட்டாளிகளின் வீடுகளில் தொலைத்திரைகூட இல்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாவதை எது தடுக்கிறது என்ற கேள்விக்கு நாவலில் திருப்தியான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

கட்சி உருவாக்கும் புதிய மொழியான நியூஸ்பீக் பற்றி நாவலின் இறுதியில் வரும் பிற்சேர்க்கையையும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் ஒரு பெரிய புத்தகக் கழகம் அதையும், கட்சியின் எதிரி கோல்ட்ஸ்டைன் எழுதியதாக நாவலுக்குள் வரும் நூலின் பகுதிகளையும் வெட்டச் சொன்னபோது, பெருந்தொகை கைவிட்டுப் போகும் நிலையிலும் ஆர்வெல் மறுத்தார். அந்தப் பிற்சேர்க்கை இறந்த காலத்தில், கட்சி அழிக்க முயன்ற சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஓசியானியா என்றோ முடிந்துவிட்டது, யாரோ ஓர் ஆய்வாளர் அதைத் திரும்பிப் பார்க்கிறார் என்று பலர் வாதிடுகிறார்கள். வாதம் வலுவானதே. ஆனால் வின்ஸ்டனின் துன்பத்தைக் கடந்து ஓடிப்போய் அந்த நிழலில் அமர்ந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அந்த ஆய்வாளரின் கையில் வின்ஸ்டனின் நாட்குறிப்பு இருந்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை. அவனுடைய சாட்சியம் அவனோடு போய்விட்டது.

தாள் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1975 ஜூனில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற வழக்கில், 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அந்த மறுப்பால் அன்று ஒரு கைதிகூட வெளியே வரவில்லை. மூப்புப்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி 1977 ஜனவரியில் வேறொருவருக்குப் போனது, அவர் பதவி விலகினார். வின்ஸ்டனின் எதிர்ப்பைப் போலவே அன்றைய கணக்கில் இதுவும் பயனற்றதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு சட்டத் தொகுதிகளில் அச்சாகி நூலகங்களில் இருந்தது. அதை எடுத்து எரிக்கும் துவாரம் எந்தச் சுவரிலும் இருக்கவில்லை. 1978இல் வந்த 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையையும் தனிமனித விடுதலையையும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. 2017 ஆகஸ்டில் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தபோது, நால்வரின் தீர்ப்பு தவறு என்று சொல்லப்பட்டது. கன்னா எழுதியதே சரியென்று ஏற்கப்பட்டது. அவருடைய வாசகர்கள் வந்து சேர 41 ஆண்டுகள் ஆயின.

உங்கள் கருத்தரங்கக் கட்டுரைக்கு என் யோசனை இது. தொலைத்திரையைப் பற்றி எழுத வேண்டாம். அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் பகுதியின் ஏழாம் அத்தியாயத்தையும் மூன்றாம் பகுதியின் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். தாயின் கை தங்கையை அணைக்கும் இடமும், அதே தாயின் நினைவை மகன் பொய்யென்று தள்ளும் இடமும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக வைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அங்கிருந்து தொடங்கினால் அதிகாரம், சுதந்திரம், எதிர்ப்பு ஆகிய மூன்றும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரியாமல் ஒரே கேள்வியாக வந்து நிற்கும். ஜூலியாவைப் பற்றி நான் சொன்னதை வட்டத்தில் சிலர் ஏற்கமாட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கட்டுரையின் வரைவைக் கொண்டுவாருங்கள், அவர்கள் முன்னிலையிலேயே வாசித்து விவாதிக்கலாம்.